வண்டியா, பையா? முதலில் தெருவை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், கைக்குழந்தையை வெளியே கூட்டிப்போக ஸ்ட்ரோலர் நல்லதா, உடம்போடு கட்டிக்கொள்ளும் பேபி கேரியர் நல்லதா என்று இரண்டு பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். படமெல்லாம் அழகாக இருந்தது. அந்தப் படத்தில் ஒரு பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாரே, அந்த நடைபாதை எந்த ஊரில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நானும் என் பேத்தியும் அங்கேயே குடிபோயிருப்போம்.

நான் சென்னை மந்தைவெளியில் இருக்கிறேன். வயது 59. முப்பது வருஷமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். மகளும் மாப்பிள்ளையும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழு மணி ஆகிவிடும், அதுவரை ஒன்பது மாதப் பேத்தி என் பொறுப்பு. காய் வாங்க, ரேஷனுக்கு, பூங்காவுக்கு, கோயிலுக்கு, நூல்கண்டு தீர்ந்தால் அதற்கும் நாங்கள் இரண்டு பேரும்தான் ஜோடி. அதனால் இந்த விஷயத்தில் எனக்கும் பேச்சு உண்டு என்று நினைத்து எழுதுகிறேன், நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் வந்தது வண்டி. மாப்பிள்ளையின் அக்கா அமெரிக்காவிலிருந்து வரும்போது கொண்டுவந்தார். பார்க்க ஜம்மென்று இருந்தது, பெரிய சக்கரம், டம்ளர் வைக்க இடம், மழைக்கு மூடி, கீழே சாமான் வைக்க வலை. எடை மட்டும் 11 கிலோ. பேத்தி 8 கிலோ. எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வண்டியை முதலில் இறக்கினால் பிள்ளையை மேலே யார் பார்ப்பது, பிள்ளையை முதலில் இறக்கினால் கீழே யாரிடம் விடுவது? இந்த ஆடு, புலி, புல்லுக்கட்டுக் கணக்கைப் போட்டுக்கொண்டே நான் ஒரு வாரம் வெளியே போகவில்லை. பிறகு எதிர்வீட்டுப் பையன் காலேஜுக்குப் போகும்போது இறக்கிக் கொடுத்துவிட்டுப் போக, ஒருநாள் கிளம்பிவிட்டேன்.

வீட்டிலிருந்து மார்க்கெட் நடந்தால் எட்டு நிமிஷம். அன்றைக்கு நாற்பது நிமிஷம் ஆனது. நடைபாதையில் ஏற ஒரு முழம் தூக்க வேண்டியிருந்தது. ஏறிய பிறகு பத்தடியில் மின்சாரப் பெட்டி. அதைச் சுற்றிக்கொண்டு போனால் வரிசையாக பைக். பைக்கைத் தாண்டினால் ஒரு வீட்டு வாசல் சாய்வு நடைபாதையையே இரண்டாக வெட்டிக்கொண்டு இறங்குகிறது. சரி, தெருவிலேயே போகலாம் என்று இறங்கினால் மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடியில் முன்சக்கரம் சிக்கிக்கொண்டது. பின்னால் ஆட்டோக்காரர் ஹார்ன் அடிக்கிறார், உள்ளே இருப்பவளோ அது தனக்கு அடிக்கிற மேளம் என்று நினைத்துச் சிரிக்கிறாள். முனையில் பூ விற்கிற அம்மா எழுந்து வந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "புள்ளைய இடுப்புல வச்சுக்கினு வந்திருந்தா இந்நேரம் சாம்பாரே வச்சு முடிச்சிருப்பியேம்மா."

இதற்கும் மேல் ஒன்று நடந்தது, அது முழுக்க என் தப்பு. திரும்பி வரும்போது காய்ப்பையை வண்டியின் கைப்பிடியில் மாட்டினேன். வாசலில் பேத்தியைத் தூக்கினேன், அவ்வளவுதான், முன்னால் கனம் போனதும் வண்டி பின்பக்கமாக மல்லாந்து விழுந்தது. இரண்டு கிலோ தக்காளி தெருவெல்லாம் உருண்டது. தூக்குவதற்கு அரை நிமிஷம் முன்னால் அது கவிழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாமானைக் கீழ்வலையில் வையுங்கள், கைப்பிடியில் ஒரு கறிவேப்பிலைக் கட்டுகூட மாட்டாதீர்கள். பிள்ளைக்கு ஐந்து இடத்திலும் பட்டையைப் போட்டுப் பூட்டுங்கள், பக்கத்துக் கடைக்குத்தானே என்று விடாதீர்கள்.

மறுநாள் ஒரு காரியம் செய்தேன். தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய்த் தெருவை அளந்தேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஏதோ நிலத் தகராறு என்று நினைத்திருப்பார்கள். எங்கள் முனையில் நடைபாதையின் உயரம் 11 அங்குலம். பைக் ஏறக் கூடாது என்று நட்டிருக்கிற இரும்புக் கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 17 அங்குலம். வண்டியின் அகலம் 23 அங்குலம்.

மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போனில் தேடிச் சொன்னாள். இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு நடைபாதைக்கு வைத்திருக்கிற வழிகாட்டு விதிப்படி அதன் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக் கூடாதாம், அதாவது 6 அங்குலம். நடக்கிற இடம் எந்தத் தடையும் இல்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டுமாம், சுமார் ஆறு அடி. அதைவிட ஆச்சரியம், 2014-லேயே நம் மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்று தனிக் கொள்கை போட்டிருக்கிறது, இந்தியாவிலேயே முதலாவதாக, போக்குவரத்துப் பணத்தில் 60 சதவீதம் அதற்கே என்று. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவில் வரும் வாழும் உரிமையின் பகுதி என்று சொல்லிவிட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது, எங்கள் முனையில் 11 அங்குலம் இருக்கிறது.

அப்புறம்தான் கேரியர் வந்தது. மகள் ஆன்லைனில் வாங்கினாள். என் தொழில் புத்தி, பார்சலைப் பிரித்ததும் முதலில் தையலைத்தான் பார்த்தேன். பட்டை உடம்போடு சேருகிற இடத்தில் சதுரம் போட்டு நடுவில் குறுக்காகத் தைத்திருந்தான், நூலும் நல்ல கனமான நூல், இழுத்துப் பார்த்தேன், முனகவில்லை. வாங்குகிறவர்கள் பூப் படத்தைப் பார்க்காமல் அந்த இடத்தைப் பாருங்கள், தையல் விட்டிருந்தாலோ கொக்கி விரிசல் கண்டிருந்தாலோ யார் கொடுத்ததாக இருந்தாலும் வேண்டாம். நீளத் துணியால் சுற்றிக் கட்டிக்கொள்கிற வகையும் உண்டாம், அதில் பலரும் வாங்குகிற அளவு 4.6 மீட்டர். நம் புடவையே 5.5 மீட்டர்! நான் தைத்துத் தருகிறேன் என்று மகளிடம் சொன்னேன். "அம்மா, ப்ளீஸ்" என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, பழைய காட்டன் புடவை மடிப்பில் நைந்திருக்கும், பட்டும் சிந்தெடிக்கும் முடிச்சில் வழுக்கும், பிள்ளையை வைத்துப் பரீட்சை பண்ணக் கூடாது.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு ஊசி பாசி விற்க வருகிற நரிக்குறவர் பெண்கள் தோளில் துணியைக் கட்டிப் பிள்ளையைப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். இரண்டு கையும் வேலைக்கு ஃப்ரீ. கட்டட வேலைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். அப்போது அதைப் பார்த்து மூக்கைச் சுளித்த அதே ஆட்கள் இன்று அதையே அட்டைப் பெட்டியில் நாலாயிரம் ரூபாய்க்கு வாங்குகிறோம். நானும் வாங்கியவள்தான், யாரையும் குறை சொல்லவில்லை.

புடவையின் மேல் அதைக் கட்டிப் பழக எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இடுப்புப் பட்டையைக் கொசுவத்தின் மேல் கட்டினால் நாலு அடி நடப்பதற்குள் கொசுவம் சரிகிறது. பட்டையைக் கொஞ்சம் மேலே, தொப்புளுக்கு மேல் கட்டி, முந்தானையை இழுத்துப் பக்கவாட்டில் செருகிவிட்டால் நிற்கிறது. அடுத்த தொல்லை தாலிச் சரடு. அவள் முகம் என் நெஞ்சோடு ஒட்டும் இடத்தில் சரியாக அந்தக் குண்டு அழுத்தி, ஒருநாள் கன்னத்தில் கடலைப்பருப்பு அளவுக்குச் சிவந்து போயிருந்தது. இப்போது கிளம்பும் முன் சரடை முதுகுப் பக்கம் தள்ளிவிடுகிறேன். ஊசி வேலை செய்கிறவள் என்பதால் ஜாக்கெட்டில் பின் குத்திக்கொள்ளும் பழக்கமும் உண்டு, அதை அடியோடு விட்டேன். உங்கள் கட்டுரையில் ஜீன்ஸ் போட்ட பெண் படம்தான் இருந்தது, அதனால் இதெல்லாம் எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து சம்பந்தி அம்மா வந்திருந்தபோது முதல் கேள்வியே, "இப்பிடிக் கட்டிப்போட்டா பிள்ளைக்குக் கால் வளைஞ்சிராதா மதினி?" என்பதுதான். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, டாக்டரிடம் கேட்டோம். கால் வெறுமனே தொங்கக் கூடாது. பிட்டத்தைவிட முழங்கால் கொஞ்சம் மேலே, தொடை முழுக்கத் துணியின் மேல், தவளை உட்கார்ந்த மாதிரி இருந்தால் இடுப்பு மூட்டுக்கு நல்லது என்றார். யோசித்துப் பார்த்தால் நாம் இடுப்பில் வைத்துக்கொள்ளும்போதும் பிள்ளையின் கால் அப்படித்தான் விரிந்து நிற்கிறது. கால் தொங்குகிற மாதிரி நடுவில் ஒரே ஒரு சின்னப் பட்டை வைத்துத் தைத்த பைகளும் கடையில் இருக்கின்றன, அவற்றைத் தொட வேண்டாம் என்றார்.

மூச்சு விஷயம் அதைவிட முக்கியம். குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் பிள்ளை இருக்க வேண்டும், முகம் எப்போதும் நம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் அழுந்தாமல் இரண்டு விரல் நுழைகிற இடம் வேண்டும். பிறந்து நாலு மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் கழுத்தே நிற்காது, தொளதொளவென்ற துணிக்குள் சுருண்டு போனால் சத்தமே இல்லாமல் மூச்சு முட்டிவிடும். 2010-இல் அமெரிக்காவில் இதற்காகவே அரசு எச்சரிக்கை கொடுத்து, ஒரு கம்பெனி 10 லட்சம் பைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். கொலம்பியாவில் 1978-இல் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு சேர்த்து வைத்துக் காப்பாற்ற ஆரம்பித்தார்களே, கங்காரு முறை என்று நம் ஆஸ்பத்திரிகளிலும் செய்கிறார்கள், அது நர்ஸ் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும் சிகிச்சை. மார்க்கெட்டுக்குக் கட்டிக்கொண்டு போவது வேறு.

கேரியர் வந்ததும் எல்லாம் சுகம் என்று நினைக்காதீர்கள். நம்ம ஊர் புழுக்கத்தில் இரண்டு உடம்பு ஒட்டிக்கொண்டு நடப்பது என்றால் என்ன என்று சித்திரை வெயிலில் கட்டிப் பார்த்தால்தான் தெரியும். காலை எட்டுக்கு மேல் வெயில் தாழும்வரை நான் கட்டுவதே இல்லை. அவிழ்க்கும்போது என் ஜாக்கெட்டில் அவள் உருவம் வியர்வையில் அச்சாகியிருக்கும். போன மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் மகள் பத்து நிமிஷம்தானே என்று மதியம் கட்டிக்கொண்டு போய், பிள்ளைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. எனக்கோ இருபது நிமிஷத்துக்கு மேல் நடுமுதுகு பிடிக்கிறது. 8 கிலோ என்பது அரிசிப் பையாக இருந்தால் கீழே வைத்துவிடலாம். வெயிலுக்கு வண்டி நல்லதுதானே என்றால் அதிலும் ஒரு கண்ணி உண்டு, வெயில் படாமல் இருக்க மேலே துண்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள், உள்ளே காற்றே போகாமல் அடுப்பு மாதிரி ஆகிவிடும். குடை பிடியுங்கள், மூடாதீர்கள்.

புகையையும் சொல்லியாக வேண்டும். வண்டியில் உட்கார்ந்த பிள்ளையின் மூக்கு ஆட்டோவின், பைக்கின் புகைக்குழாய் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் சர்ரே பல்கலைக்கழகத்தில் 2020-இல் ஆய்வு செய்து, பள்ளி நேரத்தில் தள்ளுவண்டியில் போகிற குழந்தை கூடவே நடக்கிற பெற்றோரைவிட 44 சதவீதம் வரை அதிக மாசைச் சுவாசிக்கக்கூடும் என்று சொன்னார்கள். அது அந்த ஊர் சாலை. ஆர்.கே. மட் சாலையில் சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன கணக்கு வரும் என்று யாராவது அளந்தால் தேவலை.

மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் தடவை கேரியரைக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போனவரைப் பார்த்துப் பால் பூத்தில், "என்ன சார், கங்காரு மாதிரி?" என்று கேட்டுவிட்டார்களாம். மனிதர் அத்தோடு ஒரு மாதம் தொடவில்லை. நான்தான் சொன்னேன், "மாப்ள, வெட்கம் உங்களுக்கு, முதுகுவலி எனக்கு, எது பெருசு?" இப்போது ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் போகும்போதெல்லாம் அவர்தான் கட்டிக்கொண்டு போகிறார். அங்கே வண்டி எடுத்துப்போனால் என்ன ஆகும், சக்கரத்தை யார் கழுவுவது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரோடு சண்டையே போட்டேன். கேரியரில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு பைக்கில் ஏறப் போனார். அதுதான் கட்டியிருக்கிறதே அத்தை, விழாது என்கிறார். பிள்ளை விழாது, சரி, நீங்கள் விழுந்தால் உங்கள் 75 கிலோவும் அவள் மேல்தானே? 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி இருக்கிறது, 9 மாதத்திலிருந்து 4 வயது வரையுள்ள குழந்தையை பைக்கில் கூட்டிப்போனால் அதற்கென்று செய்த பாதுகாப்புப் பட்டை, தலைக்குத் தகுந்த ஹெல்மெட், வேகம் 40 கிலோமீட்டருக்குள். கேரியர் அந்தப் பட்டை ஆகாது. காரிலும் அப்படியே, கேரியரில் இருந்து எடுத்துக் குழந்தை இருக்கையில் வைத்துத்தான் கட்ட வேண்டும். சாலையில் தினமும் பார்க்கிறேன், டேங்க் மேல் கேரியரில் பிள்ளை, அப்பா ஒரு கையில் போன். கை கால் நடுங்குகிறது.

வண்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. பெரிய வண்டியை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, குடை மாதிரி மடிகிற சின்ன வண்டி ஒன்று வாங்கினோம். அந்தக் குடைவண்டிக்கு ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் ஓவன் மெக்லாரன் என்று விமானப் பொறியாளர், போர்விமானத்தின் சக்கரம் மடியும் அமைப்பில் வேலை பார்த்தவர், மகள் பேத்தியை வைத்துக்கொண்டு கனத்த வண்டியோடு திண்டாடுவதைப் பார்த்து 1965-இல் மூன்று கிலோகூட வராத மடிப்பு வண்டியைச் செய்தார். ஆக அதைச் செய்தவரும் ஒரு தாத்தா. கழுத்து நன்றாக நின்று, தானாக உட்காருகிற பிள்ளைக்குத்தான் அது சரி, பச்சைக் குழந்தைக்குப் படுக்கிற மாதிரி இருக்கிற வண்டிதான் வேண்டும்.

அதை எங்கே எடுத்துப் போகிறேன் என்றால், நாகேஸ்வர ராவ் பூங்காவுக்கு. வாசல் வரை அவள் இடுப்பில், வண்டி என் தோளில், உள்ளே போனதும் விரித்துவிட்டால் ஒரு மணி நேரம் ராஜாத்தி மாதிரி உட்கார்ந்து அணிலை எண்ணுவாள், என் முதுகுக்கும் விடுமுறை. பாண்டி பஜாரில் 2019-இல் அகலப்படுத்திய நடைபாதை இருக்கிறதே, அங்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவைகூடத் தூக்காமல் தள்ளிக்கொண்டு போனேன், தூக்கம் வந்து அவள் சாய்ந்ததுகூடத் தெரியவில்லை. மெட்ரோ ரயிலுக்கும் சரி, லிஃப்ட் இருக்கிறது. தி.நகர் பஸ் நிலையத்தையும் மாம்பலம் ஸ்டேஷனையும் சேர்க்கிற ஆகாய நடைபாலம் 2023-இல் வந்த பிறகு அந்தக் கூட்டத்தில் நசுங்காமல் மேலேயே போகலாம். ரங்கநாதன் தெருவுக்குள் இறங்கினால் மட்டும் வண்டியை மறந்துவிடுங்கள், தீபாவளி சமயத்தில் பிள்ளையையே கூட்டிப்போகாதீர்கள்.

கபாலி கோயில், மாட வீதிக் காய்க்கடை, கூட்டமான பஸ், மெரினா மணல், கல்யாண வீட்டுப் பந்தி, இங்கெல்லாம் கேரியர்தான். பஸ்ஸில் ஏறும்போது ஒரு கை கம்பிக்கு வேண்டும். 2024-இல் வந்த தாழ்தளப் பேருந்து வந்தால் ஏறச் சுகம், அதற்குள் இரண்டு சாதா பஸ் வந்துவிட்டால் வருகிறதில் ஏறவேண்டியதுதான்.

உங்கள் கட்டுரை, பெற்றோர் தங்கள் வாழ்க்கைமுறைக்கு ஏற்றபடி தேர்ந்தெடுக்கலாம் என்று முடித்திருந்தது. நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை சார், தெரு சொன்னதைக் கேட்டேன். பாண்டி பஜார் மாதிரி எங்கள் தெருவும் இருந்தால் இந்த முதுகோடு நான் தினமும் கேரியர் கட்டுவேனா? எனக்காவது கட்டிக்கொண்டு போக ஒரு பை இருக்கிறது. எங்கள் தெருவில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் இருக்கிறார், பூங்காவுக்குப் போக வேண்டும் என்றால் அவரும் அவர் மனைவியும் பஸ் போகிற சாலையில்தான் போகிறார்கள். அந்த 17 அங்குல இடைவெளியில் வண்டியைவிட அவர் நாற்காலி இன்னும் அகலம்.

அடுத்த தடவை இந்த விஷயத்தைப் போடும்போது, நிருபர் ஒருவரிடம் ஒரு ஸ்ட்ரோலரைக் கொடுத்து, உள்ளே ஒரு 8 கிலோ அரிசிப் பையை வைத்து, மந்தைவெளியிலிருந்து லஸ் முனை வரை தள்ளிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மெட்ரோ வேலைக்கு அடைத்திருக்கிற தகரத்தை ஒட்டி எப்படிப் போகிறார் என்று படம் எடுத்துப் போடுங்கள். சம்பந்தப்பட்ட இலாகாவுக்கு அந்தக் கம்பி விஷயமாக நான் இரண்டு தடவை மனு கொடுத்துவிட்டேன், நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கம்பியை எடுக்கச் சொல்லவில்லை, எடுத்தால் பைக் ஏறிவிடும் என்று எனக்கும் தெரியும். ஒன்றே ஒன்றை மட்டும் கொஞ்சம் தள்ளி நட்டால் போதும். அளவு வேண்டுமானால் டேப்போடு நானே வருகிறேன், புதன்கிழமை தவிர, அன்றைக்குப் பேத்திக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி.

இப்படிக்கு,
ஒரு பாட்டி,
மந்தைவெளி, சென்னை – 28